மூடாக்கை நம்பி மேலே வந்த வேர்

கரிசல் மண் கோடையில் வெடிக்கும் என்பது எனக்குப் புதிதல்ல. பிறந்ததிலிருந்து பார்த்து வந்த மண்தான். ஆனால் அந்த வெடிப்பு வேரை அறுக்கும் என்று யாரும் சொன்னதில்லை. தென்னம்பிள்ளைகள் வைத்து மூன்றாவது சித்திரையில், ஒரு பிள்ளையின் அடியை ஒட்டி ஓடிய வெடிப்புக்குள் கையை விட்டுப் பார்த்தேன். முழங்கை வரை உள்ளே போயிற்று. விரல் நுனியில் ஏதோ உறுத்தியது. மண்ணில் கன்னத்தை வைத்துப் படுத்து, கைபேசி வெளிச்சத்தை அடித்துப் பார்த்தேன். வெடிப்பின் இந்தச் சுவரில் பாதி வேர், அந்தச் சுவரில் மீதி வேர். இரண்டு பக்கமும் பிடித்து இழுத்து அறுத்த கயிறு போல நுனி சிலும்பி நின்றது. அதற்குக் கீழே இன்னொன்று. அதற்கும் கீழே இன்னொன்று.

அன்றுவரை நாங்கள் அந்தப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் போதவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

எனக்கு வேலை சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில். பிழை பார்ப்பது. ராகு காலமும் பிரதோஷமும் சரியான கட்டத்தில் விழுந்திருக்கிறதா என்று வருஷம் முழுக்க அடுத்த வருஷத்தையே படித்துக்கொண்டிருப்பேன். என் கணவர், எம். புதுப்பட்டி என்ற ஊர்ப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் நெடுங்காலம் சூப்பர்வைசராக இருந்தவர். மூச்சிரைப்பு அதிகமாகி வேலையை விட்டார். வெம்பக்கோட்டைக்குப் போகும் வழியில் என் அப்பா வழியாக வந்த காடு கொஞ்சம் இருந்தது. மழையை நம்பிப் பருத்தியும் கம்பும் விதைத்த நிலம். ஓரத்தில் ஒரு கிணறு. அவருக்கும் பொழுது போக வேண்டும், எனக்கும் ஒரு ஆசை இருந்தது. சொந்த மரத்துத் தேங்காயைக் காயவைத்துச் செக்கில் ஆட்டி, ஒரு தூக்குவாளி நிறைய எண்ணெயை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். அவ்வளவுதான் ஆசை. அதற்காகத்தான் தென்னை வைத்தோம். கரிசலில் தென்னையா என்று கேட்டவர்களுக்கெல்லாம் நான் பதில் சொல்லிச் சண்டை போட்டேன்.

வெடிப்பைக் காட்டியதும் கணவர் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"தண்ணி பத்தலை. மோட்டாரை இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டுவோம்."

"ஊத்துற தண்ணி பூரா இந்தச் சந்து வழியாப் பாதாளத்துக்குப் போகுதுங்க. வேரே அந்து கெடக்கு. எதை வச்சுக் குடிக்கும்?"

"அதுக்கு மண்ணை நாம என்ன, தச்சு வைக்கவா முடியும்?"

கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டார். அந்தக் கேள்வியோடுதான் வேளாண்மை அலுவலகத்துக்குப் போன் போட்டேன். எடுத்தவர் பொறுமையாகத்தான் பேசினார். மண்ணை வெயில் நேராகத் தொடாமல் மூடி வைக்க வேண்டும், தேங்காய் மட்டையோ காய்ந்த ஓலையோ சருகோ எது கிடைத்தாலும் வட்டப்பாத்தியில் பரப்புங்கள், அதற்கு மூடாக்கு என்று பெயர், ஈரம் நிற்கும், வெடிப்பு விழாது, வேர் நன்றாக ஓடும் என்றார். சந்தோஷமாக எழுந்து நின்றே கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில், பக்கத்துக் காடு பட்டாசு ஆலை, வேலிக்கு அந்தப் பக்கம் ஷெட்டு இருக்கிறது என்றேன்.

"அப்படியா? அப்ப போடாதீங்கம்மா" என்றார்.

"அப்ப வெடிப்புக்கு என்ன செய்ய?"

"மூடாக்குதான் போடணும்."

இப்படி ஒரு பதிலை வைத்துக்கொண்டு யார் என்ன செய்ய முடியும்? நான் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

முதலில் கைக்கு எட்டியதைத்தான் எடுத்தேன். எங்கள் அச்சகத்தில் கட்டிங் மெஷின் ஓரத்தில் தினமும் மலை மாதிரி தாள் கழிவு குவியும். காலண்டரின் ஓரம் நறுக்கிய துண்டுகள். சாக்கில் அள்ளி, வேன் பிடித்துக் கொண்டுபோய், பிள்ளைகளின் அடியில் கனமாகப் பரப்பித் தண்ணீர் தெளித்துவிட்டு வந்தேன். அது ஆனி மாதக் கடைசி. ஆடி பிறந்தது. எங்கள் பக்கம் ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்று தெரிந்தவள், நனைந்த தாள் காயும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. மேற்கேயிருந்து அடித்த காற்று அத்தனையையும் வாரிக்கொண்டு போய்க் கிழக்கு வேலியைத் தாண்டிப் போட்டது. ஆலையின் முற்றம் முழுக்க மஞ்சளும் சிவப்புமாகத் தாள்.

அந்த ஆலையின் போர்மேன் என் கணவரைவிட வயதில் இளையவர். ஒரு காலத்தில் அவருக்குக் கீழே வேலை பார்த்தவர். அவரை அண்ணாச்சி என்பார், என்னை மதினி. அன்று ஒரு சாக்கு நிறையத் தாளோடு வேலியருகே வந்து நின்றார்.

"மதினி, இது ஒங்க கம்பெனிச் சரக்குதான? மருந்துக் கலவை ஷெட்டு வாசல்ல வந்து கெடக்கு. பொம்பளைக பயந்துபோயி வேலையை நிறுத்திட்டு நிக்காக. என்ன மதினி நீங்க, அண்ணாச்சி வீட்ல இருந்துக்கிட்டு இப்படிச் செய்யலாமா?"

கணவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அவர் வேலியைத் தாண்டிப் போய், சாயங்காலம் வரை அந்தப் பெண்களோடு சேர்ந்து தாள் பொறுக்கினார். நானும் பொறுக்கினேன். மிச்சம் இருந்ததைக் கரையான் தின்றது. தாளைத் தின்ற ருசியில் ஒரு பிள்ளையின் அடியையும் தின்று, அதைச் சாய்த்துவிட்டது.

அதோடு விட்டிருந்தால் கணவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். எனக்குத்தான் அந்த அறுந்த வேர் கண்ணிலேயே நின்றது. ஐப்பசி மழை முடிந்து மண் நிறைய ஈரம் இருக்கும்போது, தேங்காய் உரிக்கிற இடத்திலிருந்து ஒரு லோடு மட்டை இறக்கினேன். இது காற்றில் பறக்காது. குழிவான பக்கம் கீழேயும் முதுகு மேலேயும் இருக்கும்படி ஒவ்வொன்றாகக் கவிழ்த்து, ஒன்றை ஒன்று தொட அடுக்கினேன். இடுக்குகளில் கடலைத் தொலியைப் போட்டேன். காய்ந்த ஓலையைத் துண்டு துண்டாக வெட்டி மேலே பரப்பினேன். கரையானுக்கு வேப்பம் புண்ணாக்கு. ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொன்றும் இதற்கே போனது. என் நாத்தனார் ஒரு முறை வந்து பார்த்துவிட்டு, "என்ன மதினி, குப்பை மேட்டுக்கு நடுவுல தென்னை வச்சிருக்கீக?" என்றாள். தோட்டம் என்றால் பெருக்கிவிட்ட வாசல் மாதிரி இருக்க வேண்டும் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் உள்ள எண்ணம். மண் பளிச்சென்று தெரிந்தால் உழைப்பாளி. சருகு கிடந்தால் சோம்பேறி.

கணவருக்குக் காரணம் வேறு. ஆலையில் இருந்த காலம் முழுக்க ஷெட்டுகளைச் சுற்றி ஒரு காய்ந்த புல் இருக்கக் கூடாது என்று ஆள் வைத்துச் செதுக்கியவர் அவர். அந்தக் கண் மாறவில்லை. காட்டுக்கு வந்ததும் முதலில் கிணற்றடியைப் பெருக்குவார். பிறகு நடைபாதையைப் பெருக்குவார். மூடாக்குப் பக்கம் வந்ததும் துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்.

"இது இப்படியேதான் கெடக்கணுமா?"

"கெடந்தாத்தான் மக்கும்."

"எனக்கு இதைப் பாத்தாலே நெஞ்சு அடைக்குது" என்பார். அதைச் சலிப்பு என்று எடுத்துக்கொண்டேன். பயம் என்று எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த கோடையில் வெடிப்பு விழவில்லை. பாத்திக்கு வெளியே மண் வழக்கம் போலப் பிளந்து கிடந்தது. அந்தப் பிளவு பாத்தியின் ஓரம் வரை ஓடி வந்து மட்டைக்கு முன்னால் நின்றுவிட்டது. நான் ஒரு மட்டையைப் புரட்டினேன். அடியில் மண் கறுப்பாக, குளிர்ச்சியாக, உதிரியாக இருந்தது. அந்த மண்ணுக்குள் வெள்ளை வெள்ளையாக வேர். தடித்த வேரிலிருந்து கிளைத்து, அதிலிருந்து மறுபடி கிளைத்து, இடியாப்பம் பிழிந்து வைத்தது போல மண்ணின் மேல்தோலிலேயே பின்னிக் கிடந்தது. சில வேர்கள் மண்ணிலிருந்தே வெளியே வந்து மட்டையின் நாருக்குள் நுழைந்திருந்தன. மட்டையைத் தூக்கியபோது வேரும் கூடவே வந்து மெல்ல இழுபட்டது. சட்டென்று பழையபடி வைத்து மூடினேன். தூங்கும் குழந்தையின் போர்வையை எடுத்துவிட்ட மாதிரி ஒரு பதற்றம்.

மரங்கள் அந்த வருஷம் வளர்ந்த வளர்ச்சியைப் போல அதற்கு முன் பார்த்ததில்லை. ஓலை கரும்பச்சையாக நீண்டது. கிணற்றில் தண்ணீர் குறைந்தபோதுகூட அவை வாடவில்லை. நான் அச்சகத்தில் உட்கார்ந்து அமாவாசைகளைச் சரிபார்த்துக்கொண்டே அந்த வெள்ளை வேரை நினைத்துக்கொள்வேன். மறுபடியும் ஒரு மழைக்காலம் வந்தது. மட்டையின் மேல் மட்டை போட்டேன். தை மாதம் ஒரு மரத்தில் முதல் பாளை தலை காட்டியது. கணவர்கூட அன்று அந்த மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றார்.

மாசியில் போர்மேன் வந்தார். இந்த முறை முறைக்கவில்லை. சங்கடத்தோடு பேசினார்.

"மதினி, இன்ஸ்பெக்சன் வந்தாக. வேலி ஓரம் காஞ்ச சாமான் எதுவும் இருக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்காக. எங்க பக்கம் சுத்தமா இருக்கு. ஒங்க பக்கத்தைக் கையைக் காட்டிக் கேக்காக. ரெண்டு வரிசைக்கு மட்டும் அந்த மட்டையை எடுத்திருங்களேன்."

"தம்பி, இந்த வெயில்ல எடுத்தா வேர் செத்துப்போகும். மழை வரட்டும், எடுத்துர்றேன்."

"மழை ஐப்பசிலதான மதினி வரும்?"

"அதுவரைக்கும் தெனமும் தண்ணி தெளிச்சு ஈரமா வச்சுக்கிடுறேன். ஈர மட்டை எப்படிப் பிடிக்கும்?"

அவர் என் கணவரைப் பார்த்தார். கணவர் தரையைப் பார்த்தார். நான் சொன்னபடி தெளிக்கவும் செய்தேன். ஆனால் வேலைக்குப் போகிறவள் தினமும் வெம்பக்கோட்டை வழிவரை போய் வர முடியாது. கணவரைத் தெளிக்கச் சொன்னேன். அவரும் தெளித்தார். காலையில் தெளித்த ஈரம் மத்தியானத்துக்குள் எங்கே போனது என்று தெரியாது. அப்படி ஒரு வெயில்.

பங்குனியில் ஒரு காலை, அச்சகத்தின் கண்ணாடி ஜன்னல் அதிர்ந்தது. எங்கள் ஊரில் அந்தச் சத்தத்துக்கு யாரும் என்ன என்று கேட்பதில்லை. எங்கே என்றுதான் கேட்பார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் போனை எடுத்தார்கள். எங்கள் காட்டுக்குப் பக்கத்து ஆலை இல்லை. இன்னொரு திசையில், வேறு ஊர். கணவரோடு முன்பு சேர்ந்து வேலை பார்த்த இரண்டு பேர் அங்கே இருந்தார்கள். அவர் ஆஸ்பத்திரிக்குப் போனார். திரும்பி வந்து சாப்பிடவில்லை. என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, "ஒருத்தரு இருக்காரு" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் நான் வேலைக்குப் போய்விட்டேன். மதியம் சாப்பாட்டு நேரத்தில் அவருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. மனசு கேட்காமல் பாதி நாள் லீவு சொல்லிவிட்டுப் பஸ் பிடித்துக் காட்டுக்குப் போனேன்.

தூரத்திலிருந்தே தெரிந்தது. காடு பளிச்சென்று இருந்தது.

ஒரு மட்டை இல்லை, ஒரு ஓலை இல்லை. அத்தனையையும் வாரி, மேற்கே கிணற்றுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் மலையாகக் குவித்திருந்தார். தனி ஆளாக. பாத்திகளையெல்லாம் துடைப்பத்தால் பெருக்கியும் விட்டிருந்தார். வேர்கள் வெயிலில் கிடந்தன. துடைப்பம் இழுத்த திசையில் சில வேர்கள் கோலம் கலைந்த மாதிரி சாய்ந்து கிடந்தன. காலையில் வெள்ளையாக இருந்திருக்க வேண்டியவை. நான் பார்க்கும்போது தேயிலைத் தூள் நிறத்துக்கு வந்துவிட்டன. தொட்டால் ஒடிந்தன.

அவர் கிணற்றுச் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். இன்ஹேலர் கையில் இருந்தது. சாதாரணமாக இருந்தால் அந்த நிலையில் அவரைப் பார்த்து நான் பயந்திருப்பேன். அன்று பயம் வரவில்லை.

"வேலி ஓரம் ரெண்டு வரிசைதான கேட்டாக? ஏன் காடு பூராவும் எடுத்தீக?"

"தீ வரிசை பாத்து வருமா?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ விடமாட்ட."

உண்மை. விட்டிருக்க மாட்டேன். நான் கத்தினேன். ஒன்றரை வருஷ ஞாயிற்றுக்கிழமைகளைச் சொல்லிக் கத்தினேன். ஒரு கொத்து வேரைப் பிய்த்து அவர் முன்னால் நீட்டினேன். அவர் அதை வாங்கிக் கையில் வைத்துப் பார்த்தார்.

"தென்னை வேரு ஆழத்துலல்லா இருக்கும்? இது எதுக்கு மேல வந்துச்சு?"

"மூடாக்குக்கு அடியில ஈரமும் சத்தும் இருந்துச்சு. அதான் வந்துச்சு."

"அப்ப நீ போட்ட மட்டையை நம்பித்தான வந்துருக்கு" என்றார்.

குத்திக் காட்டுவதற்காகச் சொல்லியிருந்தால் திருப்பிச் சொல்ல ஆயிரம் இருந்தது. அவர் அப்படிச் சொல்லவில்லை. புரிந்துகொண்ட மாதிரி, இரக்கத்தோடு சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை. ஏனென்றால் விஷயம் அதுதான். வெறும் மண்ணில் வளர்ந்திருந்தால் அந்த வேர்கள் தண்ணீரைத் தேடிக் கஷ்டப்பட்டாவது கீழே போயிருக்கும். நான் மேலேயே மெத்தை விரித்துச் சோறு வைத்தேன். அவை மேலே வந்தன. மெத்தையை எடுத்துவிட்டால் மேலே ஒன்றும் இல்லை. கீழேயும் அதிகம் இல்லை. மூடாக்கு போடச் சொன்னவர், போட்டால் பிறகு எடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை. அதைக் கேட்டு வைக்க வேண்டும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அன்று சாயங்காலம் கிணற்றடிச் சாக்குகளையெல்லாம் நனைத்துப் பாத்திகளில் விரித்தேன். பாதி மரத்துக்குக்கூடப் போதவில்லை. அவர் வந்து ஒரு சாக்கைப் பிடித்தார். நான் அவர் கையிலிருந்து பிடுங்கினேன். அதன் பிறகு நெடுநாள் வீட்டில் எங்கள் பேச்சு, சாப்பாடு எடுத்து வைத்திருக்கிறேன், போன் அடிக்கிறது என்பதோடு நின்றது.

சித்திரையில் மண் வெடித்தது. வேலி ஓர மரங்களில் அடி ஓலைகள் மஞ்சளாகித் தொங்கின. பாளை விட்ட மரத்தில் அந்தப் பாளை விரியாமலே கருகியது. மறுபடி மூடாக்கு போடலாம் என்றால், விபத்துக்குப் பிறகு அந்த வட்டாரமே பார்வையில் இருந்தது. பக்கத்து ஆலையையும் சோதனை முடியும்வரை மூடி வைத்திருந்தார்கள். போர்மேனிடம் போய்க் கேட்கும் துணிவு எனக்கே இல்லை. வேலையிழந்த பெண்கள் வேறு வேலை தேடிப் போக வேலியோரம் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவர்களைப் பார்த்துவிட்டு, என் வேர்களைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை. வாய் வராததும் ஒரு எரிச்சலாக இருந்தது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாத கோபம் மாதிரி ஆளைத் தின்பது வேறில்லை.

மரங்கள் பிழைக்குமா என்று பார்க்க ஆழத்தில் வேர் மிச்சம் இருக்கிறதா என்று தெரிய வேண்டும். வைகாசியில் ஒரு ஞாயிறு, மரத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளி மம்பட்டியால் தோண்டத் தொடங்கினேன். முதல் மரத்தில் இடுப்பளவு தோண்டியும் காய்ந்த வேர்தான். அடுத்ததிலும் அப்படியே. கிணற்றுக்குப் போகும் வழியில் இருந்த ஒரு மரம் மட்டும் பச்சையாக நின்றது. அதற்கும் மூடாக்கு இல்லை, அதையும் அவர் பெருக்கித்தான் விட்டிருந்தார். கிணறு பக்கம் என்பதால் ஈரம் இருக்கும் என்று நினைத்துத் தோண்டினேன். முழங்கால் ஆழத்தில் மம்பட்டி எதிலோ சிக்கி நின்றது. கையால் மண்ணை விலக்கினேன். பழைய மட்டை. கரையான் சாய்த்த பிள்ளையின் குழி அது. மிச்சமான மட்டைகளை அதில் கொட்டி மண் போட்டு மேடு தட்டியிருந்தேன், அதோடு மறந்தும் போயிருந்தேன். அந்த மட்டைகள் பஞ்சு மாதிரி நீர் குடித்துக் கிடந்தன. பக்கத்து மரத்தின் வேர்கள் அவ்வளவு தூரம் கீழே இறங்கி வந்து, ஒவ்வொரு மட்டையின் வயிற்றுக்குள்ளும் சுருண்டிருந்தன. வெள்ளையாக.

குழிக்குள் நின்றபடியே, "ஏங்க, இங்க வாங்க" என்று கூப்பிட்டேன். அத்தனை நாளுக்குப் பிறகு நான் கூப்பிட்டது அவருக்கே திகைப்பாக இருந்திருக்க வேண்டும். வேகமாக வந்தார். பாம்போ என்று நினைத்ததாகப் பிறகு சொன்னார். வேரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"மண்ணுக்குள்ள இருந்தா தீ பிடிக்காதுல்ல?" என்று கேட்டேன். என் குரல் சண்டைக் குரலாகவே வந்தது.

"மண்ணு மூடியிருந்தா என்ன பயம்?" என்றார். "ஆனா இம்புட்டு மரத்துக்கும் யாரு குழி வெட்டுறது?"

சீசன் நேரமாக இருந்தால் எங்கள் பக்கம் மம்பட்டி பிடிக்க ஆளே கிடைக்காது. அந்த வருஷம் ஆலை மூடியிருந்ததால் ஆட்கள் கிடைத்தார்கள். அதை நினைக்க எனக்கு நன்றாக இல்லை. முதல் நாள் வந்தவர்களோடு போர்மேனும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"வீட்ல சும்மா உக்காந்திருக்க முடியலை மதினி. எங்கன வெட்டணும், காட்டுங்க."

மெஷின் வைத்து வெட்டினால் இருக்கிற வேரும் போய்விடும் என்பதால் கையால்தான் வெட்டினோம். மரத்துக்கு ஒரு பக்கம் மட்டும், எட்டத் தள்ளி, நீளமான குழி. அடுத்த பக்கத்தை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டோம். இந்த முறை மட்டையின் குழிவான பக்கம் மேலே பார்க்க வேண்டும்; மழைத் தண்ணீரை அது கிண்ணம் போல ஏந்திக்கொள்ளும். ஒரு அடுக்கு மட்டை, ஒரு அடுக்கு மண், மறுபடி மட்டை, மேலே கனமாக மண். கணவர் மூச்சு முட்டும்வரை வெட்டுவார், உட்காருவார், மறுபடி எழுவார். உட்காருங்கள் என்று நான் சொன்னால் கேட்கமாட்டார். போர்மேன் சொன்னால் கேட்பார். அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

"அன்னைக்கு ஒங்களை எடுக்கச் சொன்னதுக்கு எம்மேல கோவமா மதினி?" என்று போர்மேன் ஒரு நாள் டீ குடிக்கும்போது கேட்டார்.

"ஒங்க மேல இல்லை தம்பி."

"அப்ப அண்ணாச்சி மேலயா?"

"அவுக மேலயும் முழுசா இல்லை" என்றேன். கணவர் டம்ளரைக் கீழே வைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

வேலி ஓர வரிசையில் சில மரங்கள் ஐப்பசிவரை தாங்கவில்லை. குருத்து சாய்ந்த பிறகு அவற்றை வெட்டி எடுத்தோம். மற்றவை மழைக்குப் பிறகு மெல்லத் தலை தூக்கின. ஆலையைத் திறந்தார்கள், பெண்கள் மறுபடி வேலைக்குப் போனார்கள். மண்ணை வெறுமையாக விடக் கூடாது என்று பாத்திகளில் கொளுஞ்சி விதைத்தேன். ஆடு கடிக்காது, பச்சையாக நின்று மண்ணுக்கு நிழல் தரும். தை முடிந்ததும் அது காயத் தொடங்கியது. காய்ந்தால் அதுவும் சருகுதான் என்று கணவர் ஒரே வாரத்தில் பிடுங்கிவிட்டார். இந்த முறை என்னிடம் சொல்லிவிட்டுத்தான் பிடுங்கினார். நான் சரி என்றுதான் சொன்னேன்.

போன பங்குனியில் இரண்டு பேரும் ஒரு குழியின் ஓரத்தைத் தோண்டிப் பார்த்தோம். மட்டைக்குள் ஈரம் இருந்தது. வேர் இறங்கியிருந்தது. எங்கள் அச்சகத்து நூல்கண்டை அவிழ்த்துப் போட்ட மாதிரி அடர்த்தியாக இல்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாக, ஆனால் உயிரோடு. குழிக்கு மேலே, வெயில் நேராக விழும் மேல்மண்ணில் வழக்கம் போல வெடிப்பு. அந்த வெடிப்பின் சுவரில் இந்த வருஷம் முளைத்த மெல்லிய வேர்கள் மறுபடி அறுந்து நின்றன. கீழே காப்பாற்றினால் மேலே போகிறது. மேலே காப்பாற்ற எனக்கு அனுமதி இல்லை. வேலியைப் பெயர்த்துக்கொண்டு போய் வேறு எங்கும் வைக்கவும் முடியாது.

பாளைகள் வருகின்றன. சிலது விரிகிறது, குரும்பையாகவே கொட்டுகிறது. செக்குக்குக் கொண்டுபோகும் அளவுக்கு இன்னும் காய் இல்லை. வீட்டுக்கு எண்ணெய் கடையில்தான் வாங்குகிறேன்.

அன்று குழியை மூடுவதற்கு முன் கணவர் கையை உள்ளே விட்டு, ஒரு வேரை ஒடியாமல் விரலால் தொட்டுப் பார்த்தார்.

"எறங்கியிருக்குல்ல? இது போதுமா?" என்று கேட்டார்.

"பத்தாது" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு மண்ணைத் தள்ளத் தொடங்கினார். நானும் மம்பட்டியை எடுத்தேன். அடுத்த பக்கத்துக் குழி இன்னும் வெட்டவில்லை.